எடை அனுமதி

கடலைத் தூர்த்துக் கட்டிய நகர் எங்களுடையது. மழைக்காலத்தில் கனம் கூடினால் தரை அமிழ்ந்து தண்ணீர் உள்ளே வந்துவிடும். அதனால் ஐப்பசி பிறக்குமுன் வீடு வீடாக எடை போட்டு, அனுமதிக்கு மேல் இருப்பதை வெளியேற்றச் சொல்வார்கள்.

இந்த வருஷம் மகள் தமயந்தி தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். கிரைண்டர், பீரோ, நான் படிக்காமலே பெருமைப்பட்ட புத்தகங்கள் எல்லாவற்றையும் அனுப்பி, அவளுக்காக அறுபது கிலோ இடம் பண்ணியிருந்தோம்.

போன் போட்டேன். "இப்ப எவ்வளவு எடைம்மா?"

"எழுபத்தொண்ணுப்பா! டாக்டரே அசந்துட்டாங்க. நல்லா சாப்பிடறேன், கவலைப்படாதீங்க."

"ரொம்ப சந்தோஷம்மா" என்று வைத்துவிட்டேன்.

இனி கழிக்க வீட்டில் தொட்டில் மட்டுமே மிச்சம். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் என் மனைவி சுலோச்சனா.

"அது எதுக்கு? உபயோகமில்லாத சாமான் எண்பத்திரண்டு கிலோ உன் முன்னாடியே நிக்குதே. வெளியூர்ல என் தம்பி வீட்டுக்கு அனுப்பிடு" என்றேன்.

என் ஜோக்குக்கெல்லாம் பரிதாபப்பட்டாவது சிரிப்பவள், எழுந்துபோய் என் பையை எடுத்து வந்தாள்.

"மழை விட்டு நீங்க வர்றப்ப குழந்தைக்கு மூணு மாசம் ஆயிருக்கும்" என்றபடியே சட்டைகளை மடித்து வைத்தாள்.