வெண்டைக்காயும் முப்பத்தைந்து நிமிடமும்

பள்ளிக்கூடத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே, குளிரில் நின்றபடி அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

உள்ளே மகள் டப்பாவைத் திறந்திருப்பாள்.

வெண்டைக்காய்ப் பொரியல். நவம்பர் மாதத்தில் அன்சான் நகரில் வெண்டைக்காய் கிடைப்பதென்றால் சும்மாவா? ஒரு வாரம் அலைந்து, வங்காளதேசத்துக்காரர் கடையில் உறைய வைத்த பொட்டலம் ஒன்றைப் பிடித்திருந்தாள். எவ்வளவு வதக்கியும் கொழகொழப்பு மட்டும் போகவில்லை.

அபிதாவுக்குப் பதினெட்டு வயது. இன்று கல்லூரி நுழைவுத் தேர்வு. கொரியாவில் அது வருடத்துக்கு ஒரே நாள்தான், காலையிலிருந்து மாலைவரை. பிள்ளைகளின் தலையெழுத்தே இன்றுதான் எழுதப்படுகிறது என்று ஊரே நம்பியது.

வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும். திருப்பூரில் யாரும் அவளுக்கு இதை நிரூபித்துக் காட்டியதில்லை. நிரூபிக்க வேண்டிய விஷயமா இது?

பக்கத்தில் ஜிஹோ அம்மா நின்றாள். ஒரே குடியிருப்பு, மூன்று மாடி கீழே. அவளுடைய சொந்தப் பெயர் பதினொரு வருடமாகத் தெரியாது. இங்கே பெண்களைப் பிள்ளையின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவளும் எல்லோருக்கும் அபிதா அம்மா. அந்த ஒரு விஷயத்தில் இந்த நாடு அவளுக்கு முதல் வாரமே புரிந்துவிட்டது.

என்ன கொடுத்து அனுப்பினீர்கள் என்று ஜிஹோ அம்மா கேட்டாள்.

இவள் பெருமையாகச் சொன்னாள். காயின் பெயர் ஜிஹோ அம்மாவுக்குப் புரியவில்லை. கைபேசியில் படம் காட்டினாள். விரல்களை ஒட்டிப் பிரித்து, இப்படி நூல் நூலாக வரும் என்று நடித்தும் காட்டினாள்.

ஜிஹோ அம்மாவின் முகம் மாறியது.

வழுவழுப்பானதை இன்று யாரும் தொடமாட்டார்கள் என்றாள். கடற்பாசி சூப்கூட எந்த வீட்டிலும் வைக்கமாட்டார்கள். வழுக்குவதைத் தின்றால் தேர்விலும் வழுக்கி விழுவார்கள். அதனால்தான் பிள்ளைகளுக்குப் பல்லில் ஒட்டும் மிட்டாய் கொடுக்கிறார்கள்.

"கணக்குக்கு நல்லதுங்க." இவள் குரல் இறங்கிவிட்டது.

"கணக்குப் பரீட்சை சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிஞ்சிருச்சே, அபிதா அம்மா."



ஆக, நல்லது எதுவும் நடக்கப்போவதில்லை. கெட்டதற்கு மட்டும் அழகாக வழி செய்தாயிற்று. அடுத்தது ஆங்கிலம். செருப்பை எங்கே கழற்றுவது, யாருக்கு எவ்வளவு குனிவது, எல்லாம் கற்றுக்கொண்டு என்ன பயன்? பெற்ற பெண்ணின் நாளில் கோட்டை விட்டுவிட்டாள்.

உள்ளே சொல்லி அனுப்ப வழியில்லை. பிள்ளைகளின் கைபேசிகளை வாங்கி வைத்துவிட்டார்கள். கதவருகே நின்ற காவலரிடம் போய்க் கெஞ்சினாள். அவர் தன்மையாகத் தலையசைத்து மறுத்தார்.

மணி ஒன்று ஐந்து.

எதிரே கட்டட வேலை நின்றது. காய்கறி லாரிக்காரர் ஒலிபெருக்கியை அணைத்தார். கொஞ்சம் யோசித்து எஞ்சினையும் அணைத்தார்.

இனி ஆங்கிலத்தில் காதால் கேட்டு எழுதும் பகுதி. அந்த முப்பத்தைந்து நிமிடம் நாடு முழுக்க ஒரு விமானமும் ஏறாது, இறங்காது. வந்துவிட்டவை உயரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இதை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். கேள்விப்படுவது வேறு.

அண்ணாந்து பார்த்தாள்.

நாளெல்லாம் இன்சியோன் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் இரைந்து போகும் வானம்.

ஒன்றுமில்லை.

அவளுடைய பிளஸ் டூ பரீட்சையின்போது தெருமுனையில் மைக்செட் அலறியது. குறைக்கச் சொல்லிப் போன அவள் அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மேலே ஆயிரம் பேர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். அதில் மந்திரிகூட இருக்கலாம். எல்லாம் இந்தச் சுவருக்குள் பென்சிலைப் பிடித்திருக்கும் பிள்ளைகளுக்காக. விசா புதுப்பிக்கப் போனால் ஆயிரம் கேள்வி கேட்கும் நாடு, அபிதாவின் காதுக்காகவும் ஆகாயத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. இது யார் வீட்டுப் பிள்ளை என்று இன்று கேட்கவில்லை.

தொண்டையில் இருமல் ஏறியது. துப்பட்டாவை வாயில் திணித்து அடக்கினாள். கண்ணில் நீர் முட்டியது. ஜிஹோ அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கும்பிட வேண்டும் போலிருந்தது. எந்தச் சாமியை என்று தெரியவில்லை.

வானத்தையே கும்பிட்டாள்.

ஒன்று நாற்பதுக்குப் பிறகு முதல் விமானம் கேட்டது. லாரிக்காரர் ஒலிபெருக்கியைப் போட்டார். முள்ளங்கி, வெங்காயம்.

மாலை ஐந்து மணிக்குக் கதவு திறந்தது.

அபிதா கூட்டத்தோடு வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. எப்படி எழுதினாய் என்று கேட்கத்தான் இவள் வாயைத் திறந்தாள்.

"வெண்டைக்காயச் சாப்பிட்டியா கண்ணு?"

"சாப்பிட்டேம்மா. காலைலயே."

முதல் தேர்வுக்கும் கணக்குக்கும் நடுவே இருபது நிமிடம் விட்டார்களாம். மற்றவர்கள் சூத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அபிதா தாழ்வாரத்தின் கோடியில் ஜன்னலோரம் நின்று, டப்பாவில் இருந்த பொரியல் முழுவதையும் தின்றிருக்கிறாள். மத்தியானம் வெறும் சோறு.

"வழுக்கறதத் திங்கக் கூடாதாமே. உனக்குத் தெரியாதா?"

"ஒண்ணாங்கிளாஸ்லயே தெரியும்மா."

"அப்புறம் ஏன் தின்னே?"

அபிதா தோளிலிருந்து பையை இறக்கினாள்.

"கணக்கு வரும்னு நீ சொன்னியே."

கணக்கு வந்ததா என்று அவள் கேட்கவில்லை. மகள் நீட்டிய பையை, இந்த ஊரில் பெரியவர்களிடமிருந்து வாங்கும் முறைப்படி, லேசாகக் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.