பத்துப் பேர் வந்த கச்சேரி

"சொல்லித் தொலைடா, எத்தனை பேர் வந்தாங்க?"

கட்டிலில் சாய்ந்திருந்த ட்ரெவருக்கு அதைக் கேட்பதற்குள்ளேயே மூச்சு வாங்கியது. காலையில் முதல் ஆளாக வந்து நின்ற மால்கம் இன்னும் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பத்துப் பேர். பார்ல ஊத்திக் கொடுக்கறவனையும் சேர்த்து."

"அட கஷ்டகாலமே! அன்னிக்கும் பத்து, இன்னிக்கும் பத்தா?"

"அதுலயும் ஒருத்தன் மழைக்கு ஒதுங்கினவன்."

ட்ரெவர் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அது அடங்க வெகுநேரம் பிடித்தது.

பங்க் இசையின் கூச்சல் ஓய்ந்த கையோடு, ஷெஃபீல்டில் இரும்பாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் ஆரம்பித்த குழு 'டாம்ப் வால்ஸ்'. மால்கம் பாட்டு, ட்ரெவர் பேஸ் கிட்டார். போட்டது ஒரே ஒரு இசைத்தட்டு. அதையும் எவனும் சீண்டவில்லை. நாற்பது வருடம் கழித்து யாரோ ஒரு பெண் அதை இணையத்தில் ஏற்றப்போய், ஊரின் பெரிய அரங்கிலேயே வாசிக்கக் கூப்பிட்டார்கள். ட்ரெவர் குழந்தை மாதிரி குதித்தான். அந்த மேடையில் ஒரு தடவை நின்றுவிட்டால் போதும், அப்புறம் செத்தாலும் பரவாயில்லை என்றான். விதி விட்டதா? நுரையீரலில் புற்று முற்றி, பிழைக்க வழியில்லாதவர்களை வைத்துப் பார்க்கும் இந்த இல்லத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டது. நேற்று இரவு அவன் இடத்தில் வேறொருவன் வாசித்தான்.

"எனக்குப் பதிலா வாசிச்சானே, அவன் எப்படி?"

"சுதியே சேரலை. அந்த விஷயத்துல உன்னை மாதிரியேதான்."

"மறுபடி பாடச் சொல்லி எவனாவது கத்தினானா?"

"கத்தினான். கடையைச் சாத்தணும், மூட்டையைக் கட்டுங்கடான்னு."

"பத்துப் பேருக்குப் பாடியா தொண்டை இப்படிக் கட்டியிருக்கு?"

"குளிருடா, எருமை."

ட்ரெவர் அவன் முகத்தையே பார்த்தான். "அப்ப, நான் எதையும் கோட்டை விடலைங்கற."

"ஒரு மண்ணையும் விடலை."

"நல்லது. போய் அந்தக் கோட்டைக் காயப் போடு, நாறுது."

சொன்னானே தவிர, மால்கமின் கையை விட அவனுக்கு மனம் வரவில்லை.

வெளியே வந்த மால்கமுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தாழ்வாரத்துச் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். இரவு வேலை முடிந்து கிளம்பிய நர்ஸ் பெர்னடெட் பதறிப்போய் வந்தாள்.

"ட்ரெவரோட அண்ணனா நீங்க?"

விசும்பலுக்கு நடுவே தலையை ஆட்டி வைத்தான்; அதை அவள் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டாள்.

"மனசைத் தேத்திக்குங்க. ஒரே ஒரு உதவி. மால்கம்னு ஒரு சிநேகிதர் வருவாராம். இவர் மனசு நோகக் கூடாதுன்னு, கச்சேரிக்கு யாருமே வரலைன்னு சொல்லுவாராம். நேத்து அத்தனை ஆயிரம் பேரும் 'ட்ரெவர், ட்ரெவர்'னு கத்தினதை ரேடியோவுல கேட்டு, இவர் போர்வையை வாயில திணிச்சுக்கிட்டு அழுதாரே, அதை மட்டும் அந்த மனுஷர்கிட்டச் சொல்லிடாதீங்க."