பூட்டு போட்ட பெட்டி

நடுக்கடலில் வஞ்சிரம் கூடும் பாறை ஒன்று சிங்காரவேலுவுக்கு மட்டும்தான் தெரியும். அந்த இடத்தைக் குறித்து வைத்த புது ஜி.பி.எஸ். பெட்டியை ரகசிய எண் போட்டுப் பூட்டி, துண்டாலும் மூடி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார். பெண்டாட்டியிடம்கூட எண்ணைச் சொல்லவில்லை.

அப்படியும் அன்று போய்ப் பார்த்தால் பாறையைச் சுற்றி, அதே ஊர்ப் படகுக்காரர் தியாகராசனின் மூன்று படகுகள் நின்றன.

"நீதானடா எட்டிப் பாத்துச் சொன்னே?" என்று வலை இழுக்கும் மச்சினன் முத்துக்குமரன் மேல் பாய்ந்தார்.

"சத்தியமா இல்ல மாமா. பெட்டியத் தொறக்குறப்பல்லாம் என்னைய அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லிடுவீங்களே!"

"வாய மூடு. நாளையிலேருந்து என் படகுல கால் வைக்காத."

கரைக்கு வந்ததும் காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் தியாகராசனை மறித்தார். "எம் மச்சினன் ஒங்கிட்ட என்னய்யா சொன்னான்?"

தியாகராசன் வஞ்சிரத்தைக் கொட்டிக்கொண்டே சிரித்தார். "அவன் பாவம், அவன ஏன் வையுற? பூட்டு வச்ச பெட்டி வந்துடுச்சின்னு பழைய பெட்டியப் போன மாசம் எந்தலையில கட்டுனியே, நீ குறிச்ச எடமெல்லாம் அதுல அப்படியே இருக்கு. அழிக்காமயா விப்பாங்க?"

சிங்காரவேலு, கையோடு கொண்டுவந்திருந்த புதுப் பெட்டியைத் துண்டால் இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"இந்தப் புதுப் பெட்டிய விக்கிறப்பவும் எங்கிட்டயே குடு, சிங்காரம். பூட்டு நம்பர மட்டும் மறக்காம சொல்லிடு."