யாருக்கு அந்த ரோஸ் டப்பா?

கணவனின் சாப்பாட்டுப் பையை உதறியபோது ரோஸ் நிற ரேசர் ஒன்றும், பூப்படம் போட்ட க்ரீம் டப்பா ஒன்றும் தரையில் உருண்டன. தையல்காரி டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்யாணமான நாள் முதல் அவளுக்கு ஒரு ஹேர்பின்கூட வாங்கித் தந்தவனில்லை அவன்.

"யாருக்கு இது?"

"கடையில ஒருத்தங்களுக்கு. யாருன்னு மட்டும் கேக்காத, வாக்குக் குடுத்திருக்கேன்" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு நழுவினான்.

"ஒருத்தங்களாம்! மரியாதை வேற!"

பெரிய கடையொன்றில் சாமான் அடுக்குகிறவன் அவன். போன மாதம் பெண்கள் பகுதிக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்துதான் போன் வந்தால் பால்கனிக்கு ஓடுகிறான். மறுநாள் காலை அவள் கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"கன்னம் இப்ப எரியலையேங்க? சரிங்க, மதியம் குடோன்ல வெச்சுத் தர்றேங்க."

கன்னமாமே, கன்னம்! இவள் விரலில் ஊசி ஏறியபோது என்னவென்று திரும்பிக்கூடப் பார்க்காத மனுஷன்! அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. குட்டு மட்டும் வெளிப்படட்டும், தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு கட்டினாள்.

மதியம் கடைக்குள் நுழைந்தாள். இடப்பக்கம் முழுக்க ரோஸ், பூ, பட்டாம்பூச்சி. வலப்பக்கம் நீலம், கறுப்பு, மின்னல், சிங்கம். இரண்டுக்கும் நடுவே முறுக்கு மீசையோடு மேனேஜர் நின்று ஓர் ஊழியரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். புலி, புலி என்று கணவன் வீட்டில் நடுங்குவது இவரை நினைத்துத்தான்.

"ஆம்பளை க்ரீமைக் கொண்டுபோய்ப் பூவுக்குப் பக்கத்துல வெச்சிருக்கியே! அப்புறம் எந்த ஆம்பளைய்யா அதைத் தொடுவான்?"

அவள் துண்டு அடுக்குக்குப் பின்னால் பதுங்கினாள். பில் போடுகிறவளா? சென்ட் விற்கிற அந்த ஒல்லிக்குச்சியா? கண்ணில் பட்ட ஒவ்வொருத்தியின் கன்னத்தையும் உற்று உற்றுப் பார்த்தாள். எல்லாம் வழுவழுவென்றுதான் இருந்தன, பாழாய்ப்போன கன்னங்கள்!

புலியின் சத்தம் ஓய்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கணவன் சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு குடோனுக்குள் நழுவினான். இவளும் பின்னாலேயே போய்க் கதவில் காதை வைத்தாள். உள்ளே கிசுகிசுவென்று பேச்சு.

பொறுத்தது போதும். கதவை ஓங்கித் தள்ளினாள்.

"எங்க அவ? வெளிய வரச் சொல்லு!"

கணவன் சிலையாகிவிட்டான். எந்த அவளும் அங்கே இல்லை. ரோஸ் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி வெலவெலத்து நின்றது முறுக்கு மீசை.

"யார்கிட்டயும் சொல்லிடாத தங்கச்சி... எனக்குக் கொஞ்சம் மென்மையான சருமம்!"