திருகு ஆன்டெனா

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ரேணுகாவுக்கு வீடியோவில் நேர்காணல். வேலை பெங்களூருவில். கைபேசிக்குச் சிக்னல் எட்டாத வீடு அது. அவள் உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது, அவள் கணவன் தணிகைவேல் ரூட்டரின் இரண்டு ஆன்டெனாக்களையும் முறித்துப் போட்டான். நேர்காணலில் அவள் குரல் விட்டு விட்டுக் கேட்டிருக்கிறது; ஐந்தே நிமிடத்தில் முடித்துக்கொண்டார்கள். பூனை தள்ளிவிட்டது என்றான்.

சனிக்கிழமை ரூட்டரைத் துணிப்பையில் போட்டு இருவரும் கடைக்கு எடுத்துப் போனார்கள். கடைக்காரர் பரப்பி வைத்ததில் இருப்பதிலேயே பெரிய ஆன்டெனாவைத் தணிகைவேல் எடுத்தான்.

"வீடு ரொம்பப் பெருசா சார்?"

"ரெண்டு ரூம்தான்."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ பெருசு?"

அவன் அதைக் கீழே வைக்கவில்லை.

கடைக்காரர் ரூட்டரில் நின்றிருந்த முறிந்த அடிக்கட்டையை இரண்டு விரலால் திருகினார். அது சத்தமில்லாமல் கழன்று வந்தது.

"எப்படி உடைஞ்சுது?"

"பூனை" என்றான் தணிகைவேல், கண்ணாடி மேசையைப் பார்த்தபடி.

"திருகினாலே வந்துடும். பாவம், பூனைக்குத் தெரியல" என்று கடைக்காரர் சிரித்தார்.

ரேணுகா சிரிக்கவில்லை.

"அண்ணே, இவருக்கு ஒரு தடவ கழட்டிக் காட்டுங்க. வெள்ளிக்கிழமை எனக்கு இன்னொரு இன்டர்வியூ இருக்கு."