பாலாற்று மணலில் ஒரு மூட்டை

பாலாற்றைப் பார்வையிட வந்த சூழல் குழுவினர் நாற்பது பேரும், மணலில் கிடந்த தோல் கழிவு மூட்டையைக் கண்டு கொதித்தார்கள்.

"கொட்டினவன் என் தம்பியா இருந்தாலும் உடமாட்டேன். இன்னைக்கே கலெக்டர்கிட்ட கம்ப்ளெயின்ட்!" என்றார் தலைவர் முஜாஹித்.

"ஆளைக் கண்டுபிடிச்சிடலாம் பாய்," என்றாள் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கும் சௌந்தர்யா. "வெட்டுன ஓட்டையப் பாத்தாலே இன்னா செஞ்சாங்கன்னு தெரிஞ்சிடும்."

"பிரிம்மா, சீக்கிரம்!"

பிரித்தாள். தோல் துண்டு முழுக்க அரச இலை வடிவில் ஓட்டைகள்.

"இலையா? எவன் ஷூவுல இலை இருக்கு?"

காலையில் எல்லோருக்கும் கொடுத்திருந்த 'பாலாற்றைக் காப்போம்' தோல் பேட்ஜை முஜாஹித்தின் சட்டையிலிருந்து சௌந்தர்யா கழற்றி, ஓட்டையில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

மீதி முப்பத்தொன்பது பேரும் நெஞ்சைக் கையால் மூடிக்கொண்டார்கள்.