ரெய்னியர் பேரில் இருக்கும் சேனல்

ஒடால்மிஸ் இறந்துவிட்டதாக என் கைபேசி சொன்னபோது, அவள் என் தலைக்கு மேலே செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டிருந்தாள்.

மாட்ரிடிலிருந்து என் அக்கா மகள் அனுப்பியிருந்தாள். கறுப்பு ரிப்பன் சுற்றிய முகம். கீழே, “கூரை விழுந்தது. ஹவானாவின் ஒடால்மிஸ் இனி இல்லை. முழு வீடியோ நாளைக் காலை.”

விழுந்தடித்துக்கொண்டு மாடியேறினேன்.

அவள் காபி வடித்துக்கொண்டிருந்தாள். கட்டில்மேல் துணிமூட்டை. ராத்திரி புயல் கரையேறும் என்று வானொலி கத்திக்கொண்டிருந்தது. குவானபகோவாவில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விடுவதாக நேற்றே சொல்லியிருந்தாள்.

படத்தைக் காட்டினேன். படுபாவி, விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

“ஆள் சேர்க்கத்தான்க்கா! இப்படியெல்லாம் தலைப்பு வைக்கிறானா அந்தப் பய? நான் எங்க பாத்தேன்!”

அது நிஜம். எங்கள் தீவில் இருப்பவர் பேரில் வீடியோ சேனல் இருந்தால் விளம்பரத்தில் சல்லிக்காசு வராது. அதனால் எல்லோரும் வெளியே இருக்கும் சொந்தக்காரன் பேரில்தான் வைத்திருக்கிறோம். இவளுடையது மயாமியில் இருக்கும் சித்தி மகன் ரெய்னியர் பேரில்.

விரிசல் விட்ட கூரைக்குக் கீழே நின்று சமைப்பாள், பாடுவாள், அரசாங்கத்தைத் திட்டாமல் திட்டுவாள். அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டால் மீதி அவன் பாடு. இங்கிருந்து பார்த்தால் காசும் சேராது, இணையத்துக்குப் போட்ட பணமும் கரையும் என்று தன் சேனலை அவள் ஒருநாளும் திறந்ததில்லை.

அங்கே பார்க்கிறவர்களுக்குச் சமையலைவிடக் கூரைமேல்தான் கண்ணாம். எப்போது விழும் என்று பந்தயம்கூடக் கட்டுகிறார்களாம். அக்கா மகள் எழுதியிருந்ததைப் படித்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கூரை விழுந்தால் என் தலையிலும்தானே விழும்?

“சிரிச்சது போதும். மூட்டையைத் தூக்கு, மழைக்கு முன்னாடி கிளம்பு” என்றேன்.

“போகலைக்கா. இப்பத்தான் பேசினான். இன்னைக்கு ஒரு ராத்திரி இங்கேயே இருந்து படம் புடிச்சு அனுப்பு, வேற வீடு பாத்துத் தர்றேங்கறான். தங்கமான புள்ள.”

நிமிர்ந்து பார்த்தேன். விரிசல் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை தடங்கலில்லாமல் தெரிந்தது. முந்தாநாள் வந்தபோது இப்படித் தெரியவில்லை. என்ன மாறியிருக்கிறது என்று சட்டென்று பிடிபடவில்லை.

பிறகு பிடிபட்டது.

“அடியே, முட்டுக் கொடுத்திருந்த கட்டையெல்லாம் எங்கடி?”

“நீங்க ரொட்டி வரிசைக்குப் போயிருந்தப்ப ரெய்னியர் ரெண்டு ஆள அனுப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டான்க்கா” என்றாள், எனக்கும் ஒரு கோப்பையில் காபி ஊற்றியபடி. “வீடியோவுல கூரையை மறைக்குதாம்.”